மலிவான பொறியும் விலையேறிய மையும்



என் மாணவி ஒருத்தியின் தாயார் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் கூடுதல் நேரம் உழைத்துச் சேர்த்த 199 வெள்ளியில், பிள்ளையின் பள்ளி வேலைக்கென்று ஓர் அச்சுப்பொறி, அதாவது பிரிண்டர், வாங்கியிருந்தார். மூன்றே மாதத்தில் மை தீர்ந்துவிட்டது. கறுப்பும் வண்ணமுமாக இரண்டு மைப்பெட்டிகளுக்குக் கடையில் 110 வெள்ளி கேட்டார்களாம். "பொறி விலையில் பாதிக்குமேல் மைக்கே போகிறதே, டீச்சர்!" என்றார்.

அவருடைய கவலைக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

பொறியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, பின்னர் மையில் இலாபம் எடுப்பது இந்த வணிகத்தின் வழக்கம். ஆகவே, வாங்கப் போகும்போது பொறியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் அச்சிட என்ன செலவாகும் என்று கணக்கிடுங்கள். மைப்பெட்டியின் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 40 வெள்ளிப் பெட்டி 160 பக்கம் தருமானால், பக்கத்துக்கு 25 காசு. அதே பொறிக்குரிய பெரிய பெட்டி 70 வெள்ளிக்கு 400 பக்கம் தருமானால், 17 காசு சொச்சந்தான். விலை கூடியதே இங்கு மலிவானது!

நிறுவனங்கள் சொல்லும் பக்கக் கணக்கு, குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டுக் கண்டது. நம் வீட்டில் அவ்வளவு பக்கம் கிடைக்காமல் போகலாம். ஏன்? முழுப் பக்கப் படங்கள் மையைக் குடித்துவிடும். அதோடு, மை வெளிவரும் துவாரங்கள் மயிரிழையைவிட மெல்லியவை. ரப்பர்ப் பால் கோட்டிலேயே உறைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, பொறியைப் பல வாரம் சும்மா வைத்தால் மை காய்ந்து துவாரம் அடைத்துக்கொள்ளும். அதை நீக்கப் பொறி தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. கழுவுவதும் மையால்தான்!

ஆகவே, வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். மின்சார விசையைப் பட்டென்று அடைக்காமல், பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் துவாரங்கள் மூடிக்கொள்ளும். பயிற்சித் தாள்களுக்கு 'டிராஃப்ட்' எனும் சிக்கன முறையே போதும்.

நிறைய அச்சிடும் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில், மையை ஊற்றி நிரப்பும் தொட்டியுள்ள பொறியை அறிமுகப்படுத்தியது. இன்று வேறு நிறுவனங்களும் இத்தகையவற்றை விற்கின்றன. பொறியின் விலை கூடுதல். ஆனால் ஒரு புட்டி கறுப்பு மை ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். 35 வெள்ளிக்கு 4,500 பக்கம் என்றால், பக்கத்துக்கு ஒரு காசுகூட ஆகாது.

மாதம் பத்துப் பக்கம் மட்டுமே தேவையா? பொறியே வேண்டாம். கடையில் பக்கத்துக்கு 50 காசு கொடுத்தாலும் 5 வெள்ளிதான்.

அந்தத் தாயாரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவருடைய பொறி கறுப்பு மையை மட்டும் கொண்டும் இயங்கும் வகை. பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை மட்டும் வாங்கினார். வண்ணப் படங்களை மகள் இப்போது கையால் தீட்டுகிறாள்.

நேயர்களே, வியர்வை சிந்திச் சேர்த்த காசு அது. கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். வகுத்தல் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள்.