மாமி காய்ச்சிய கூழ்

எனக்கு மாமியாகவும் என் மக்களுக்கு அப்பம்மாவாகவும் வாழ்ந்து மறைந்த ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறேன்.

முன்னாளிற் கரையூர் என வழங்கிய குருநகரிலே, புனித யாகப்பர் ஆலய மணியோசை கேட்கும் தொலைவில் அவரது இல்லம் இருந்தது. ஒடியற்கூழ் காய்ச்சுவதில் அவர் கைதேர்ந்தவர். ஒடியல் மாவை ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, கசப்பைப் போக்குவார். மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய் யாவும் வெந்தபின், புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் கூட்டி, அம்மாவைக் கரைத்து விடுவார்.

ஆயினும், பனையோலைப் பிளாவில் வார்க்கும் முதற்கூழ் வீட்டாருக்குக் கிடைப்பதில்லை. 1986 ஜூன் 10ஆம் நாள், மண்டைதீவுக் கடலிலே குருநகர்க் கடற்றொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். அன்றுதொட்டு, உழைப்பவரை இழந்த அயல் வீடுகளுக்கே முதற்பங்கு சென்றது. கொண்டுசெல்பவள் நான்.

“பாவமெண்டு குடுக்காதை, பிள்ளை. கூடக் காய்ச்சிப்போட்டம் எண்டு சொல்லு” என்பார். பெறுவோர் மனங் கூசலாகாது என்பதே அவர் கருத்து. மருமகளாய் வந்த எனக்கு அவர் கற்பித்த பாடங்களுள் இதுவே தலையாயது.

இன்று என் மகள் கூழ் காய்ச்சுகிறாள். பானையில் எப்பொழுதும் சிறிது கூடிவிடுகிறது. ஏனென்று நான் கேட்பதில்லை.