எல்லைச் சாவடியும் கொழுப்பு உறையும்

பாலக்காட்டை ஒட்டிய வாளையாறு, இடுக்கி மலையிலுள்ள குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் நாள்தோறும் திரளான மக்கள் கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் இடையே சென்று வருகின்றனர். தேனி மாவட்டத் தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா நோய் உறுதியானபோது, தமிழக எல்லையில் கண்காணிப்பு முடுக்கிவிடப்பட்டது. ஆயினும் தொற்றியவருக்குக் காய்ச்சல் தோன்றப் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகும். எனவே சாவடியில் காய்ச்சலை அளப்பது மட்டும் போதாது. வைரஸ் உயிரணுவினுள் நுழையும் வழியையும் அறிதல் வேண்டும்.

இரவல் உறை

வைரஸ் தானாகக் கொழுப்பை உற்பத்தி செய்ய இயலாது. நிபா வைரஸ், தான் பெருகிய உயிரணுவைவிட்டு வெளியேறும்போது அதன் கொழுப்புச் சவ்வில் ஒரு பகுதியையே உறையாகப் போர்த்திக்கொள்கிறது. அவ்வுறையில் இருவகைப் புரதங்கள் பதிந்துள்ளன. ஒன்று, நரம்பு, இரத்தக்குழாய் உயிரணுக்களின் மேலுள்ள எஃப்ரின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. மற்றொன்று, வைரஸின் உறையையும் உயிரணுவின் சவ்வையும், இரு எண்ணெய்த் துளிகள் கலப்பதுபோல் ஒன்றாக்குகிறது. வைரஸின் மரபுப்பொருள் உள்ளே இறங்குகிறது. கொரோனா வைரஸின் நுழைவுக்கும் சவ்விலுள்ள கொலஸ்டிரால் துணைபுரிவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இதனால் உணவில் கொழுப்பைக் குறைத்தால் நோய் வராது என்று கொள்வது தவறு. உயிரணு வாழ்வதற்கே கொழுப்புச் சவ்வு இன்றியமையாதது.

சோப்பின் பயன்

நுழைவுக்கு உதவும் அதே கொழுப்பே வைரஸின் பலவீனமும் ஆகும். சோப்பு அவ்வுறையைச் சிதைத்துவிடுகிறது. உறை இழந்த நிபா வைரஸ் தொற்றும் ஆற்றலை இழக்கிறது. கொழுப்பு உறையற்ற போலியோ, மஞ்சள்காமாலை ஏ வைரஸ்கள் இவ்வாறு எளிதில் அழிவதில்லை. அவற்றுக்குத் தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் போலியோவுக்குத் தடுப்பு மருந்தும் தேவை. டெங்குவுக்கு உறை உண்டெனினும், அது கொசுவால் பரவுவதால் கொசு ஒழிப்பே வழி.

2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபாவால் 17 பேர் மாண்டனர். நோயுற்றோரில் பெரும்பாலோர்க்கு மருத்துவமனைகளிலேயே தொற்று ஏற்பட்டது. நிபாவுக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே வௌவால் கடித்த பழங்களை விலக்குவதோடு, எல்லையோர மருத்துவமனைகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் குழாய்நீரும் சோப்பும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது அவசியமாகும். இதற்காகும் செலவு சிறிது. அது காக்கும் உயிர்களோ விலைமதிப்பற்றவை.