பாலையில் குடியிருப்போர்



1801இல் வெள்ளையர் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் நினைவாக 1974இல் எழுப்பப்பெற்ற கோட்டையைக் காண வெளியூர்ப் பேருந்துகள் வருகின்றன. வருவோருள் சிலர் தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் சென்று, குதிரைமொழித் தேரியையும் பார்த்துத் திரும்புகின்றனர். நம் கரிசல் முடிந்து, இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல் மேடு மேடாக எழும் நிலம் அது. முழுப் பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது. பனையும் உடையும் கொல்லாமரமும் நிற்கின்றன. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே சுனையும் உண்டு. ஆயினும் நம் மாவட்டத்தில் பாலை என்று கைகாட்ட அதைவிட வேறிடம் இல்லை.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. நிலமில்லாத இத்திணைக்குப் பாட்டு மட்டும் குறைவில்லை. அகநானூற்றின் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும், அதாவது 400இல் 200, பாலையே. கலித்தொகையின் பாலைப் பாடல்களைப் பாடியவராகச் சொல்லப்படும் பெருங்கடுங்கோவோ மலைவளம் மிக்க சேரர் குடியினர்!

இப்பாடல்களில் பேசுவோர் யாவர்? பொருள்தேடிக் கடந்து செல்லும் தலைவன், வீட்டில் காத்திருக்கும் தலைவி, தோழி, மகளைப் பறிகொடுத்த தாய். அந்நிலத்திலேயே பிறந்து, அங்கேயே உலை வைத்து, அங்கேயே மாண்ட எயினர் பெரும்பாலும் வில்லோடு மறைந்து நிற்கும் அச்சமாகவே வந்து போகின்றனர். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி போன்ற இடங்கள் விதிவிலக்கு. நம் பாலை இலக்கியம் வழிப்போக்கரின் இலக்கியம் என்று வகுப்பில் சொன்னால் மாணவியர் முகம் சுளிக்கின்றனர். எனக்கும் அது உவப்பான முடிவன்று.

வழிப்போக்கர் பெருகினால் என்ன நேரும் என்பதற்கு இராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் சான்று. 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய பாலைவன ஊர்; கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். சாம் மணற்குன்றுகளைக் காணப் பயணிகள் குவிந்தனர். குடத்தளவு நீருக்கென அமைந்த பழைய வடிகால்கள், விடுதிகளின் குழாய்நீரைத் தாங்கவில்லை. நீர் கசிந்து அடித்தளம் இளகிற்று. சுவர்கள் சில சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அக்கோட்டையை இடர்ப்பட்டியலில் சேர்த்தது. பாலையில் ஒரு கோட்டை தண்ணீரால் அழியும் நிலை வந்தது!

தேரிக்கு அத்தனை பேர் வருவதில்லை. வருவோர் மணலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றனர். நானும் அப்படிப் போனவள்தான். பங்குனி வெயிலில், மாணவியர் சூழ, ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்த ஓர் ஆச்சி கேட்டார்: "மண்ணப் பாக்கவா தாயி இம்புட்டுத் தூரம் வந்திய? உங்க ஊர்ல மண்ணு இல்லியா?"

எங்கள் ஊர் மண் கறுப்பு என்றேன்.

"கறுப்பு மண்ணு நின்ன எடத்துல நிக்குமே. இது அப்படியில்ல. ஆடிக் காத்துல எந்திரிச்சு நடக்கும். ராத்திரி இந்தப் பக்கம் கெடந்தது காலைல வாசல்ல வந்து கெடக்கும். எங்க மாமியா, 'விருந்தாடி வந்துட்டாடி, வாரியலை எடு'ம்பா."

கரிசலின் குடியிருப்போரை எழுத இடைசெவலில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்தார்கள், இருவரும் 1923இல் பிறந்தவர்கள். பூமணி எழுதினார். தேரியின் குடியிருப்போருக்குக் கவிதையில் அப்படி ஒரு குரலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆச்சி வாசலில் மணலை விருந்தாளியாக எதிர்கொண்ட சொற்களை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். எனக்குக் கவிதை வராது, குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டும் கவிஞர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.