தோட்டாத் தட்டுப்பாடு: காரணமும் காலமும்



ஒரு பண்டம் கிடைத்தற்கு அரிதானால், அதன் உற்பத்தி குறைந்துவிட்டது என்று எண்ணுவது உலக வழக்கம். மழை பொய்த்தால் நெல் அருகும் என்பதை யாவரும் அறிவர். ஆனால், ஆலைகள் இரவு பகலாக இயங்கியும் கடைத் தட்டுகள் வெறுமையாய்க் கிடக்கும் விந்தையும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்போர் அண்மைக் காலத்தில் கண்ட தோட்டாத் தட்டுப்பாடு அத்தகையது. அது ஏன் வந்தது, எவ்வளவு காலம் நீடித்தது என்னும் இரு வினாக்களையே இன்று ஆராய விழைகின்றேன்.

அந்நாட்டின் அரசியலமைப்பு 1791ஆம் ஆண்டிலிருந்து ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு உறுதி செய்கின்றது. மக்களின் தொகையைக் காட்டிலும் அவர்கள் கையிலுள்ள துவக்குகளின் தொகை கூடுதல் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே தோட்டா அங்கே சாதாரண கடைச் சரக்கு.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், கனெற்றிக்கற் மாநிலத்துப் பாடசாலை ஒன்றினுள் துவக்குடன் புகுந்த ஒருவன் 20 சிறுவர்களையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். நாடே கலங்கியது. துவக்கு விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அக்குரல் எழுந்ததும், சட்டம் வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று பலர் கடைகளுக்கு விரைந்தனர். வாழ்நாளைப் பாடசாலையிற் கழித்த எனக்கு இச்செய்தி பெருந்துயர் தருவது. குழந்தைகளின் சாவு, தோட்டா விற்பனை பெருகுவதற்கு ஏதுவாயிற்று.

சட்டம் வந்ததா? இல்லை. 2013 ஏப்பிரல் 17ஆம் நாள் அதற்கான திருத்தம் செனற் சபையில் 54 வாக்குகளே பெற்றது, வேண்டியவை 60. அச்சத்துக்கான காரணம் அன்றே பெரும்பாலும் நீங்கிற்று. தட்டுப்பாடோ நீங்கவில்லை.

இதன் மர்மத்தைச் சிறு கணக்கினால் விளக்கலாம். ஓர் ஊரில் 100 பேர் மாதந்தோறும் ஒவ்வொரு பெட்டி வாங்குகின்றனர். ஆலையும் 100 பெட்டி அனுப்புகின்றது. ஒரு மாதம் ஒவ்வொருவரும் 4 பெட்டி கேட்கின்றனர் என வைத்துக்கொள்வோம். 300 பெட்டி குறைகின்றது. ஆலை அரும்பாடுபட்டு மாதம் 110 பெட்டி அனுப்பினாலும் இக்குறையைத் தீர்க்க 30 மாதங்கள் செல்லும். அதற்கிடையில் வெற்றுத் தட்டைக் காண்பவன், அடுத்த முறை கண்டவற்றையெல்லாம் அள்ளுவான். தட்டுப்பாடே தட்டுப்பாட்டை வளர்க்கும்.

அக்காலத்தில் வதந்திகளும் பெருகின. அரசாங்கமே தோட்டாக்களை வாங்கிக் குவிக்கின்றது என்றனர் சிலர். அரசாங்கக் கணக்காய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையோ, உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கொள்வனவு முந்திய ஆண்டுகளிலும் குறைந்திருந்ததைக் காட்டிற்று. மிசூரி மாநிலத்து ஈய உலை 2013 இறுதியில் மூடப்பட்டதே காரணம் என்றனர் வேறு சிலர். தோட்டாவுக்கு வேண்டிய ஈயமோ பெரும்பாலும் பழைய ஈயத்தை உருக்கிப் பெறப்படுவது.

அப்படியாயின் புதிய ஆலைகளை ஏன் அமைக்கவில்லை? தோட்டா ஒன்றுக்குப் பித்தளைக் கூடு, ஈயக் குண்டு, வெடிமருந்து, அடியில் அமைந்து தீப்பொறி தரும் பிறைமர் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் பிறைமர் செய்வது ஆபத்தான தொழில். அதனைச் செய்யும் ஆலைகள் மிகச் சிலவே. மேலும், அச்சத்தினால் எழுந்த கேள்வி அச்சம் தணிந்ததும் மறையும் என்பதை முதலாளிமார் நன்கறிவர். 2016ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் விற்பனை தளர்ந்தது. 1816இல் தொடங்கப்பட்ட றெமிங்ரன் நிறுவனம் 2018இலும் 2020இலும் கடன்தீர்க்க வகையின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

2020இல் கொள்ளைநோயும் கலவரமும் தேர்தலும் ஒருங்கே வந்தன. துவக்கு வாங்குவோர் பற்றிய பின்னணிச் சோதனைகள், முந்திய ஆண்டில் 2 கோடியே 80 இலட்சமாயிருந்தவை, 3 கோடியே 90 இலட்சத்தைக் கடந்தன. முதன்முறை வாங்கியோர் மட்டும் 80 இலட்சத்துக்கு மேல் என்று அத்தொழிற்றுறையினர் மதிப்பிட்டனர். அவர்கள் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி இரண்டிரண்டு வாங்கினாலும் 80 கோடி தோட்டா வேண்டும்! எந்த ஆலை இதனை உடனே நிரம்பல் செய்யும்?

இனி, கால அளவைப் பார்ப்போம். 2012இல் தொடங்கிய தட்டுப்பாடு பெரும்பாலான தோட்டா வகைகளில் 2014அளவில் தணிந்தது. பயிற்சிக்கு உதவும் மிக மலிவான புள்ளி இருபத்திரண்டு வகையோ மேலும் ஓரிரு ஆண்டுகள் அரிதாகவே இருந்தது. மலிவானதையே யாவரும் பதுக்கினர். இலாபம் குறைந்த அதனை மிகுதியாகச் செய்ய ஆலைகளும் விரையவில்லை. 2020இல் எழுந்தது 2022அளவில் தளர்ந்தது. ஆகவே, அச்சத்தினால் மட்டும் எழும் தட்டுப்பாடு ஏறத்தாழ இரண்டாண்டு நீடிக்கும் எனலாம். இடையில் புதிய அச்சம் தோன்றினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். போரினால் வெடிமருந்து அருகுமாயின் அது வேறு கதை. அங்கே மூலப்பொருளே குறைகின்றது.

இத்தட்டுப்பாட்டினால் வருந்தியவர் பதுக்கியவர் அல்லர். இறைச்சிக்காக வேட்டையாடும் ஏழைக் குடியானவனும், பயிற்சியைச் சுருக்கிக்கொண்ட சிற்றூர்ப் பொலிசாருமே வருந்தினர். புதிதாகத் துவக்கு வாங்கிப் பயிற்சிக்குத் தோட்டா பெறாதவன் தன் வீட்டாருக்கே ஆபத்தானவன்.

நேயர்களே, ஆலையின் வேகத்தைப் பொறியியலாளர் கூட்டலாம். அச்சத்தின் வேகத்தைக் குறைக்க உண்மைச் செய்தியும் நிதானமுமே வேண்டும். தேவைக்கு மேல் ஒரு பெட்டியை எடுக்க நீளும் கை, அயலான் நாளை காணப்போகும் வெற்றுத் தட்டை இன்றே உண்டாக்குகின்றது.