மலைச்சாலையும் பழைய காரின் பிறேக்கும்



கடுகண்ணாவையில் உயர்ந்ததொரு தூபி நிற்கிறது. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. அந்த மலைவழியில் ஏறுவதற்கு வேண்டுவது எஞ்சினின் வலிமை. இறங்குவதற்கு வேண்டுவது பிறேக்கின் வலிமை. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பற்றி ஆர்வத்தோடு பேசுவோர் பலர். இறக்கத்தைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே.

நம் நாட்டில் பழைய கார்கள் நெடுங்காலம் வாழ்வதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1977 வரையிலும் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மீண்டும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்துவிடப்பட்டது. ஆகவே தந்தை ஓட்டிய காரை மைந்தன் புதுப்பித்து ஓட்டுதல் இங்கே வழக்கமாயிற்று. அவ்வாறு புதுப்பிக்கப்படும் விளையாட்டுக் கார்களுள் ஒன்று, 1962இல் பிரித்தானியாவில் வெளிவந்த எம்.ஜி.பி. என்பது. அதன் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் பின் சில்லுகளுக்கு ட்ரம் பிறேக்கும் அமைந்துள்ளன. பின்னாலும் டிஸ்க் பொருத்தி, வலிய கலிப்பர் ஒன்றைத் தேடி மாட்டிவிட வேண்டும் என்பது இளைஞர் பலரின் அவா.

கலிப்பர் என்பது யாது? சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் இடுக்கி என்று சொல்லலாம். ட்ரம் சூடேறும்போது விரிந்து, உள்ளிருக்கும் லைனரை விட்டு விலகுகிறது. டிஸ்க்கோ கட்டைகளை நோக்கித் தடிக்கிறது. மழைநீரையும் அது விரைவில் உதறிவிடும். 1953இல் லீ மான் 24 மணிநேரப் பந்தயத்தை டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்றபின் அதன் பெருமை உலகெங்கும் பரவியது.

அங்ஙனமாயின் பின்னாலும் பொருத்தினால் என்ன என்று கேட்பீர்கள். பஸ் திடீரென நிற்கும்போது பயணிகள் அனைவரும் முன்னே சாய்வதைக் கண்டிருக்கிறீர்கள். காரின் பாரமும் அவ்வாறே முன் சில்லுகளின்மேல் சாய்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அச்சாய்வு இன்னும் மிகும். பாரம் குறைந்த பின் சில்லுக்கு வலிய பிறேக்கைக் கொடுத்தால், முன் சில்லுகள் உருண்டுகொண்டிருக்கையில் பின் சில்லுகள் இறுகி வழுக்கும். காரின் பின்புறம் சுழன்று முன்னே வந்துவிடும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஹசலக்கைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில், மழை பெய்த மாலையில் இது நிகழ்ந்தால் விளைவு என்னாகும்! காரை அமைத்தவர்கள் பின்னே சிறிய பிறேக்கை வைத்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே கலிப்பர் தேடிப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குச் செல்வோர் சில வினாக்களை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, அதன் பிஸ்டனின் அளவு நம் மாஸ்டர் சிலிண்டருக்கு ஏற்றதா? மிகப் பெரிதாயின் மிதி ஆழமாக இறங்கும். இரண்டாவது, முன் பின் பிறேக்குகளின் பங்கைச் சீர்செய்யும் வால்வு பொருத்தப்படுமா? மூன்றாவது, கம்பிச் சில்லுக்கும் தகட்டுச் சில்லுக்கும் இக்காரில் பின் அச்சு வேறுபடும். நம்முடைய அச்சுக்கு இது பொருந்துமா? நான்காவது வினாவே தலையாயது: ஹாண்ட் பிறேக் இதில் உண்டா? முன் சில்லுக்காகச் செய்த கலிப்பர்கள் பெரும்பாலானவற்றில் அது இராது. தொடக்கக்கால எம்.ஜி.பி. கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த்தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினாலும் மிதி பயனற்றுப்போகும். அவ்வேளையில் எஞ்சியிருக்கும் துணை, கம்பியால் இயங்கும் ஹாண்ட் பிறேக் ஒன்றே. அதை இழந்து பெறும் கலிப்பர் எவ்வளவு பளபளப்பாயினும் வேண்டா.

இனி வெப்பத்தைப் பற்றிச் சிறிது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வரும் கார் ஏறக்குறைய 1400 மீற்றர் இறங்குகிறது. ஓட்டுநரோடு 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் இவ்விறக்கத்தில் விடுக்கும் சக்தி முழுவதும் வெப்பமானால், 40 லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்குத்தான் இது. ஏறுதற்குரிய கியரிலேயே இறங்கினால் எஞ்சின் அச்சுமையின் பெரும்பங்கைத் தாங்கும். எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், முழுச்சுமையும் பிறேக்கின்மேல் விழும்.

நாம் பிறேக் ஒயில் என்கிறோமே, இக்கார்களில் அது எண்ணெயே அன்று. எஞ்சின் எண்ணெயை அதிற் சிறிது கலந்தாலும் உள்ளிருக்கும் றப்பர் ஊதிக் கெடும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏற விரைவிற் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுதல் நலம்.

பழைய காரைப் பேண விரும்பும் இளைஞர்க்கு யான் கூறுவது இதுவே. முதலில் றப்பர்க் குழாய்களையும் திரவத்தையும் புதுப்பியுங்கள். பின் ட்ரம்மின் லைனர்களைப் பார்த்துச் சரியாக நெருக்குங்கள். பழைய லைனரின் தூசியில் கல்நார் இருக்கலாம். அதை வாயால் ஊதாதீர்கள். அடுத்து முன் பிறேக்கைச் செம்மைப்படுத்துங்கள். இவ்வளவும் செய்தபின் பெரும்பாலோர்க்குப் பின் கலிப்பர் தேவைப்படாது. தேவையென்று கண்டால் தேர்ந்த தொழில்வல்லுநரைக் கொண்டு பொருத்தி, ஆளில்லாச் சமதரையில் சோதித்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். மலைச்சாலையில் நமக்கு முன்னே பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்கிறார்கள். அவர்களுடைய உயிரும் நம் காலடியிலுள்ள அந்த மிதியை நம்பியே இருக்கிறது.