மலையோட்டம்: தொடங்குவோர்க்குச் சில சொற்கள்



மலை ஏறுவதற்கு உரியது. வலம் வருவதற்கு உரியது. வேனிற்காலத்தில் குளிர்ச்சி நாடிச் சென்று தங்குவதற்கு உரியது. அதன்மேல் ஓடுவதும் உண்டோ என்று நீங்கள் வியக்கலாம். ஐந்தாண்டுகளுக்கு முன் நாங்களும் அவ்வாறு வியந்தவர்களே.

நாங்கள் என்றால், பெங்களூரில் மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர் நால்வர். நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஒருவர் கணக்குத் துறையினர். ஒருவர் அஞ்சல் துறையினர். ஒருவர் நில அளவைத் துறையினர். இவ்வுரையை எழுதும் எமக்கோ மொழிபெயர்ப்பே தொழில். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து சுற்றறிக்கைகளை ஒரு மொழியினின்றும் மற்றொரு மொழிக்கு மாற்றுபவனுக்குக் கண்ணும் விரலும் தவிர வேறு உறுப்புகள் உண்டென்பதே மறந்துபோகும். குருதியில் சர்க்கரை மிகுந்துவிட்டது என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டு அதனை நினைவூட்டிற்று. கப்பன் பூங்காவில் நடக்கத் தொடங்கினோம். நடை மெல்ல ஓட்டமாயிற்று. பின்னர்த் தார்ச் சாலையை விடுத்து, கனகபுரச் சாலைப் பக்கத்துத் துரஹள்ளிக் காட்டின் செம்மண் பாதைகளில் ஞாயிறுதோறும் ஓடலானோம். பெங்களூரில் இது புதுமையன்று. நகரைச் சூழ்ந்த காட்டுப் பாதைகளில் ஓடும் நெடுந்தூரப் பந்தயம் 2007-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கிவிட்டது.

காட்டுப் பாதையில் ஓடிப் பழகியவர்க்கு மலையில் ஓடுவதும் அது போன்றதே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அது பிழை. அப்பிழையை நாங்கள் எவ்வாறு உணர்ந்தோம் என்று சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வோட்டத்தின் தாயகம் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டம். அங்கே மரமற்ற மேட்டு மலையை 'ஃபெல்' என்பர். பழைய நோர்ஸ் மொழியினின்றும் வந்த சொல் அது. இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்று பல நாள் எண்ணினோம். குன்று, வெற்பு, பொருப்பு, வரை என நம் மொழியில் சொற்களுக்குக் குறைவில்லை. ஆயினும் திருநெல்வேலிச் சீமையில் மரமற்ற மொட்டைப் பாறைக் குன்றைப் 'பொத்தை' என்று வழங்குகிறார்களே, அதுவே பொருளால் மிக நெருங்கியது. பெங்களூரைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் பொத்தைகளே. ஆனால் 'பொத்தையோட்டம்' என்றால் எங்கள் நண்பர்களே நகைக்கிறார்கள். ஆதலின் மலையோட்டம் என்றே கொள்வோம்.

அந்த ஏரி மாவட்டத்தில் கெசிக் என்பது ஒரு சிற்றூர். அங்கே விருந்தினர் இல்லம் ஒன்றை நடத்திய பாப் கிரகாம் என்பவர் 1932-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 24 மணி நேரத்திற்குள் 42 மலையுச்சிகளைத் தொட்டுத் திரும்பினார். அன்று அவரும் நாற்பதைக் கடந்தவரே. அவர் சென்ற வழி இன்றளவும் மலையோட்டக்காரர்களின் உரைகல்லாக விளங்குகிறது. அவருக்குப் பின் வந்தவருள் தலையாயவர் ஜாஸ் நெய்லர். அவர் ஆடு மேய்ப்பவர். இளமையில் முதுகு நோயால் துன்புற்றவர். 1975-இல், தம் 39-ஆம் வயதில், 24 மணி நேரத்திற்குள் 72 உச்சிகளை ஓடிக் கடந்தார். 60 வயதில் 60 மலைகளையும் 70 வயதில் 70 மலைகளையும் கடந்தார். 2024-இல் 88-ஆம் வயதில் மறைந்தார். நாற்பதுக்குமேல் தொடங்குவது காலங்கடந்த செயலோ என்று ஐயுறும் நேயர்களுக்கு இவ்விருவர் வரலாறே விடையாகும்.

இனி, வேற்றுமைக்கு வருவோம். காட்டுப் பாதையில் ஓடுபவர் தூரத்தை எண்ணுகிறார். மலையில் ஓடுபவர் உயரத்தை எண்ண வேண்டும். காட்டில் பாதை நம்மை அழைத்துச் செல்லும்; மலையில் பல இடங்களில் பாதையே இராது. ஸ்காட்லாந்தினரான வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஓர் எளிய கணக்கு வகுத்தார். நடப்பவர்க்கு 3 மைலுக்கு ஒரு மணி நேரம். அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னுமொரு மணி நேரம். இக்கணக்கு நடப்போர்க்கு உரியதாயினும், தொடங்கும் ஓட்டக்காரர் இதனையே கைக்கொள்ளலாம். எவ்வளவு தண்ணீர் வேண்டும், வெயில் ஏறுமுன் திரும்ப இயலுமா என்பவற்றையெல்லாம் இதைக்கொண்டே கணித்துவிடலாம். ஏறும் உயரத்தை எவ்வாறு அறிவது எனில், இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் சமவுயரக் கோடுகளை எண்ணுக. ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள தாள்களில் ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் இடையே 20 மீட்டர். கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து. விலகி நின்றால் சரிவு. இதனை எங்களுக்குக் கற்பித்தவர் நில அளவை நண்பரே.

ஏறும்போது நடப்பது இழிவன்று. செங்குத்தான இடங்களில் பேர்பெற்ற வீரர்களும் நடக்கவே செய்கின்றனர். கைகளை முழங்கால்மேல் ஊன்றி, அடிகளைக் குறுக்கி, பேச முடிந்த அளவு மூச்சோடு ஏறுக. மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் மிகுந்ததென்று அறிக.

கலை முழுவதும் இறங்குவதில் இருக்கிறது. இறங்கும்போது நம் தொடைத் தசைகள் உடலின் சுமையைத் தடுத்து நிறுத்த முயல்கின்றன. சுருங்க வேண்டிய தசை நீண்டுகொண்டே வேலை செய்வதால் அதன் நுண்ணிழைகள் நலிகின்றன. வலி அன்று தோன்றாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும். முதல் முறை மலையிறங்கிய மறுநாள் அலுவலகப் படிகளில் நாங்கள் கைப்பிடியைப் பற்றிப் பின்புறமாக இறங்கியதைக் கண்டு, கடைநிலை ஊழியர் ஒருவர் எந்த ஊருக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டார். ஆயினும் நம் உடலுக்கு நல்லதோர் இயல்புண்டு. ஒருமுறை சிறிதளவு இறங்கிப் பழகிய தசை, அடுத்த முறை அவ்வளவு நலிவதில்லை. ஆகவே தொடக்கத்தில் சிறு சரிவுகளே போதும். உடலைப் பின்னோக்கிச் சாய்த்தால் கால் வழுக்கும்; சற்றே முன்னோக்கி நின்று, குறுகிய விரைந்த அடிகளாக வைக்க வேண்டும். கண் காலடியைப் பார்க்காமல் நான்கைந்து அடிக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

பயிலும் இடத்தைத் தேடிப் பெங்களூர்வாசிகள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. லால்பாக் தோட்டத்தினுள்ளே கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுவது. காலையில் உலாவுவோர்க்கு இடையூறின்றி அதன்மேல் பத்து முறை ஏறி இறங்கினால் முதற் பாடம் முடிந்தது. அடுத்தது நந்தி மலை. நகரம் கடல்மட்டத்தினும் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்க, நந்தியின் உச்சி 1478 மீட்டரில் நிற்கிறது. அதன் அடிவாரத்துச் சுல்தான்பேட்டையினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய கற்படிகள் உச்சிக்குச் செல்கின்றன. படிகள் வழியைத் தவறவிடா. காலையும் நெஞ்சையும் மட்டும் சோதிக்கும். ஆகவே இரண்டாம் பாடத்திற்கு அவை ஏற்றவை.

மூன்றாம் பாடம் சாவனதுர்க்கம். மாகடிக்கு அருகில், 1226 மீட்டர் உயரமுள்ள இம்மலை, ஆசியாவின் மிகப்பெரிய ஒற்றைப் பாறைகளுள் ஒன்றென எண்ணப்படுவது. கரிகுட்டா, பிளிகுட்டா எனக் கரியதும் வெளியதுமான இரு முகடுகள் உடையது. ஏற இயலாதென்று கருதப்பட்ட இதன் கோட்டையை 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸின் படை கைப்பற்றியது. படை ஏறிய மலையில் நாங்களும் ஏறினோம். ஆனால் இறங்குவது பற்றி எண்ணவில்லை.

அது ஒரு மே மாதம். விடியலில் புறப்பட வேண்டியவர்கள், சிற்றுண்டிக்காக நின்று, எட்டரை மணிக்கே அடிவாரம் சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர். முக்கால் பங்கு ஏறியபோது மேற்கே முகில் திரண்டது. கணக்குத் துறை நண்பர், 'திரும்பி விடலாமா?' என்றார். 'உச்சிக்கு இன்னும் பத்து நிமிடந்தான்' என்று சொன்னவர்கள் நாங்கள். குறிப்பாக, இவ்வுரையை எழுதுபவரே. உச்சியைத் தொட்டோம். இறங்கத் தொடங்கியதும் இடி இடித்தது, மழை வந்தது. சற்றுமுன் காலைப் பற்றி நிறுத்திய கருங்கல் எண்ணெய் தடவியதுபோல் ஆயிற்று. திரும்பலாம் என்ற அதே நண்பர்தாம் வழுக்கினார். இருபது அடி சறுக்கிச் சென்று ஒரு புதரில் தங்கினார். மணிக்கட்டு முறிந்தது. அந்தப் புதர் இல்லையேல் அதற்கப்பால் செங்குத்துச் சரிவு. அதனை இன்றும் எங்களால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

அவ்வேளை, பாறைக்கீழ் ஒதுங்கியிருந்த முதிய ஆட்டிடையர் ஒருவர் எங்களைக் கண்டு மேலேறி வந்தார். கோணியைத் தலையில் கவிழ்த்திருந்தார், காலில் செருப்பில்லை. எங்கள் விலையுயர்ந்த காலணிகளை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 'அஜ்ஜா, எப்படி இறங்குவது?' என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டோம். பாறையில் மேலிருந்து கீழாக ஓடிய கரிய கறைகளைக் கோலால் சுட்டி, 'கப்பு கடெ காலு இடபேடி' என்றார். கறுப்புப் பக்கம் கால் இட வேண்டா. மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எம் வாழ்நாளில், பெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் நெஞ்சிற் புகுந்த வாக்கியம் அது ஒன்றே. கரிய கறை என்பது நீர் ஓடும் தடம், அங்கே பாசி படிந்திருக்கும், நனைந்தால் நிற்கவொட்டாது. வெளிறிய, சொரசொரப்பான பாறை மழையிலும் ஓரளவு காலைத் தாங்கும். நண்பரை நடுவில் விட்டு, உட்கார்ந்தும் நகர்ந்தும், அவர் காட்டிய வெளிறிய வழியே இரண்டு மணி நேரத்தில் அடிவாரம் சேர்ந்தோம். பணம் நீட்டினோம், பெறவில்லை. ஆடுகளைத் தேடி மீண்டும் மேலே சென்றுவிட்டார்.

நண்பரின் கை ஆறு வாரம் கட்டில் இருந்தது. அவர் மனைவியார் எங்களோடு ஒரு திங்கள் பேசவில்லை. அது முறையே. 'திரும்பலாம்' என்ற சொல்லைக் கேளாத குற்றம் எங்களுடையது.

அன்று முதல் எங்களுக்குள் சில விதிகள் உண்டு. தொடங்குவோர் இவற்றை ஏற்றல் நலம். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துக்கொள்க. அந்நேரம் வந்ததும் உச்சி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலும் திரும்புக. நால்வரில் ஒருவர் திரும்பலாம் என்றால் நால்வரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கலாகாது. இடியொலி கேட்டால் முகட்டில் நிற்கலாகாது. தனியே செல்லற்க, செல்லுமிடத்தை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. பாறைத் தேனீக்கள் கூடு கட்டிய இடங்களில் புகையும் கூச்சலும் நறுமணத் தைலமும் கூடா. இராமநகரப் பகுதிக் குன்றுகளில் கரடிகள் உண்டு. ஆதலால் இருள் முற்றும் விலகிய பின்னரே காட்டில் நுழைக. வனத்துறையின் அனுமதி வேண்டிய மலைகளில் அதனைப் பெற்றே செல்க. காலணி வாங்கும்போது, சேற்றுக்கு உரிய உயர்ந்த முளைகளைப் பார்க்க வேண்டா. கல்லைப் பற்றும் மென்மையான ரப்பர் அடியே நம் பாறைகளுக்கு ஏற்றது. தொடங்குவதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மாசி கழிந்தால் பாறை அடுப்பாகிவிடும்.

நீங்கள் புனேயில் இருக்கலாம், டில்லியில் இருக்கலாம், ஐதராபாத்தில் இருக்கலாம். சகியாத்திரியோ, ஆரவல்லியோ, பாறைக் குன்றுகளோ, உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஏதேனும் ஒரு மேடு இருக்கும். அதனை அறிந்த முதியவர் ஒருவரும் அங்கே இருப்பார். முதலில் அவரிடம், அவர் மொழியில், வழி கேளுங்கள். நாங்கள் பெங்களூருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தே அதனைச் செய்தோம். அதுவும் மழை வழுக்கிய பின்.

சென்ற தைத் திங்களில் நால்வரும் நந்தியின் படிகளில் ஏறினோம். கணக்கு நண்பரும் வந்தார். பதினொரு மணி என்று திரும்பும் நேரம் குறித்தவர் அவரே. பாலாறும் தென்பெண்ணையும் தோன்றுவது இம்மலைத் தொகுதியில்தான். இங்குப் பிறக்கும் அர்க்காவதி காவிரியிற் சென்று கலக்கிறது. உச்சியில் நின்று, இங்கு விழும் மழை எவ்வழியே நம் ஊர் சேரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் நண்பர் கடிகாரத்தைக் காட்டினார். மறுபேச்சின்றி இறங்கத் தொடங்கினோம்.