படம் எப்படி இருந்தது?



"படம் எப்படி அண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு, போய்ப் பாரு."

பத்து காஜா சந்தையிலும், கோயில் வாசலிலும், ஒட்டுக்கடை மேசையிலும் இந்த இரண்டு வரிப் பேச்சை நாம் அன்றாடம் கேட்கிறோம். கேட்டவர் நம்பிப் போகிறார், சொன்னவர் மறந்துவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் என்ன செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் உடுத்திக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படுகிறார்கள். ஐந்து டிக்கெட், எண்ணெய்ச் செலவு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு? 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. வாரத்திற்கு ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 காசு. ஒரு படத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தால் ஒரு நாள் உழைப்பு அங்கேயே கரைந்துவிடும். ஆகவே "படம் எப்படி?" என்று ஒருவர் நம்மைக் கேட்டால், அவருடைய ஒரு நாள் சம்பளத்தை எங்கே செலவிடலாம் என்றுதான் கேட்கிறார். பதில் சொல்வதில் கொஞ்சம் கவனம் வேண்டாமா?

பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிய பழக்கமல்ல. தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை முதியவர்கள் நன்றாக அறிவார்கள். சம்பளம் போட்ட வாரத்திலோ, திருவிழாவுக்கோ படம் வரும். பாயும் சாக்கும் கொண்டுபோய் முன்கூட்டியே இடம் பிடிப்பார்கள். ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரையில் திடல் முழுவதும் ஒரே பேச்சாக இருக்கும். "வில்லன் அவளை ஏமாத்திடுவான் பாரு", "இல்ல, அவன் அண்ணன் வந்துடுவான்" என்று பந்தயமே நடக்கும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆரம்பிக்கும் பேச்சு, நிரைக்கு நிரை தாண்டிப் போய், பால் நிறுக்கும் இடம் வரை ஓயாது. ஒரே படத்தை ஒரே இரவில் எல்லோரும் பார்த்திருந்தபடியால் யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. கருத்து மட்டும்தான் பேசினார்கள். பெண்களும் பேசினார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். மங்கைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு எதுக்கு அவன் கால்ல விழணும்?" என்று ஒருத்தி கேட்டால், அதைவிடக் கூர்மையான விமர்சனம் பத்திரிகையில் கிடைக்குமா என்பது சந்தேகமே.

இன்று நிலைமை வேறு. ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்டோம். அப்பா ஒரு கைத்தொலைபேசியில் ஒரு படம், மகன் இன்னொன்றில் வேறொரு படம், அம்மாவுக்குத் தொலைக்காட்சியில் தொடர் என்று ஒரே கூரையின் கீழ் மூன்று திடல்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை. அதனால் பேச்சு குறைந்து, "நல்லா இருக்கு", "போர்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் இதழ் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதி வந்ததை வாசகர்கள் அறிவார்கள். 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்தார்கள். மிகப் பெரிய பாராட்டாக அது நெடுநாள் பேசப்பட்டது. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கினால் நாம் பிள்ளையை முறைப்போம். அங்கே அது சிகரம்! எண்ணைப் பற்றியே பேசினாலும், அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருந்த காரணங்களை நம்பித்தான் வாசகர் படத்துக்குப் போனார். நாம் சொல்லும் கருத்துக்கும் காரணம்தான் உயிர். "நடிப்பு நன்று, ஆனால் பிற்பாதி இழுக்கிறது", "கதை பழையது, பாட்டுக்காகப் போகலாம்", "சண்டையில் இரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதே" என்று ஒரு வாக்கியம் கூடச் சொன்னால் போதும். கேட்பவர் தம் வீட்டுக்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்வார்.

கதை முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிலருக்கு அதை அடக்கவே முடிவதில்லை!

முடிவு என்றதும் ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டு ஜூலையில் பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' வெளிவந்தது. நம் நாட்டில் நடப்பதாக அமைந்த கதை. தோட்டத் தொழிலாளருக்குச் சம ஊதியம் கேட்டு எழுந்த ஓர் இளைஞனின் கதையும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் திரையிட்ட படம் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு, என்ன நடந்தது என்று சொல்லாமலே முடிந்தது. மலேசியாவில் திரையிட்ட படத்தின் இறுதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்ற எழுத்து காட்டப்பட்டது. சென்னையில் இருக்கும் உறவினரும் ஈப்போவில் பார்த்தவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டால், இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்ற ஐயம் வந்திருக்கும். குற்றவாளி தப்பித்துக்கொள்வதாகப் படம் முடியக் கூடாது என்ற எண்ணம் தணிக்கைக்கு உண்டு. அது சரியா, ரசிகனின் கற்பனைக்கே விட்டிருக்கலாமா என்பது வீட்டில் பேசத் தகுந்த நல்ல விஷயம்.

அந்தப் படத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் இருந்தன. நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை இவ்வளவு பெரிய நடிகர் திரையில் பேசினாரே என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். மலேசியத் தமிழன் என்றாலே குண்டர் கும்பல்தானா, ஆசிரியரும் கிராணியும் லாரி ஓட்டுநரும் கண்ணில் படவில்லையா என்று வருந்தியவர்கள் மறுபக்கம். இருவர் சொன்னதும் நியாயமே. நமக்குக் கேட்டால், தோட்டத்தைக் காட்டிய காட்சிகள் இன்னும் நீண்டு, துப்பாக்கிகள் குறைந்திருக்கலாம் என்றுதான் சொல்வோம்.

இதே பொருளை வேறு விதமாகச் சொன்ன படம் ஒன்று அதற்கு ஏழு மாதம் முன்பே, 2015 டிசம்பரில் நம் நாட்டிலேயே எடுக்கப்பட்டு வெளிவந்தது. ஷான்ஜய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' அது. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்து 'ஜகாட்' ஆகி, அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல்லாகவே வீடுகளில் வழங்குவது உங்களுக்குத் தெரியும். தோட்டங்கள் கலைந்து மக்கள் பட்டணத்து ஓரங்களில் வந்து ஒதுங்கிய 1990களின் தொடக்கத்தில் கதை நடக்கிறது. அப்போய் என்ற சிறுவன். படித்து முன்னேறு என்று அடித்து வளர்க்கும் தகப்பன் மணியம். கும்பலில் இருக்கும் சிற்றப்பன் ஒருவர். போதைப் பழக்கத்திலிருந்து மீள முயலும் சிற்றப்பன் மற்றொருவர். கற்பனை மிகுந்த அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் புரிந்துகொள்ளவில்லை, வீடும் புரிந்துகொள்ளவில்லை. அவன் யார் பக்கம் சாய்வான் என்பதுதான் கதை. பேச்சு முழுவதும் நம் ஊர்ப் பேச்சு. சென்னைத் தமிழைக் கடன் வாங்கவில்லை.

இந்தப் படம் திரைக்கு வந்த அதே வாரத்தில்தான் 'ஸ்டார் வார்ஸ்' என்ற மாபெரும் ஆங்கிலப் படமும் வந்தது. அதற்கு உலகம் முழுவதும் விளம்பரம். இதைப் போன்ற சிறிய படங்களுக்கு நெடுஞ்சாலையில் பெரிய பலகை வைக்கப் பணம் ஏது? பார்த்தவர் வாய்தான் சுவரொட்டி.

2016இல் நடந்த 28வது மலேசியத் திரைப்பட விழாவில் இன்னொரு சோதனை வந்தது. மலாய் மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியிருந்தார்கள். 'ஜகாட்' படமும், பல இனத்தவர் சேர்ந்து பந்தாடிய கதையான 'ஒலா போலா'வும் அப்படி ஒதுக்கப்பட்டன. நம் நாட்டில் எடுத்த படம், நம் நாட்டுக் கலைஞர்கள் நடித்த படம், எந்த மொழியானால் என்ன என்று பலர் குரல் எழுப்பினார்கள். குரல் எழுப்பியவர்களில் மலாய்க் கலைஞர்கள் முன் நின்றார்கள் என்பதை மறக்கலாகாது. ஒளிப்பதிவாளர் ஒருவர் முன்பு தாம் பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு விதி மாற்றப்பட்டது. மொழி வேறுபாடு பாராமல் வழங்கப்பட்ட சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. படம் பற்றிய கருத்தைப் பொதுவில், காரணத்தோடு சொன்னதால் ஒரு விதியே மாறிய வரலாறு இது.

பத்து காஜாக்காரர்களாகிய நம்மிடம் ஒரு வேடிக்கையான பழக்கமும் உண்டு. நம் கெல்லிஸ் கோட்டையில் சில காட்சிகளை எடுத்த 'அன்னா அண்ட் த கிங்' என்ற ஆங்கிலப் படம் 1999இல் வந்தது. அந்தப் படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம கோட்டை வருது" என்பார்கள். கதை? அது யாருக்குத் தெரியும்!

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வருவோம். தாய்மார்கள் தொடர் பார்ப்பதைக் கேலி செய்வது ஆண்களுக்கு எளிது. அந்தக் கேலியில் நாம் சேரமாட்டோம். 1999இல் தொடங்கிய 'சித்தி'யும், ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான 'மெட்டி ஒலி'யும் கடல் கடந்து நம் வீடுகளுக்கும் வந்தன. சீதனம், மாமியார் கொடுமை, தகப்பனின் கடன் போன்றவை அந்தச் சாக்கில் வீட்டுக் கூடத்தில் பேசப்பட்டன. தன் வீட்டுக் குறையை நேரே சொல்லத் தயங்கும் ஒரு பெண், கதையில் வரும் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் தன் மனத்தையும் சொல்லிவிடுகிறாள். காது கொடுத்துக் கேட்கும் கணவனுக்கு அது விளங்கும். ஆனால் பல நூறு பகுதிகள் நீளும் தொடரில், ஒருவரை ஒருவர் கெடுக்கத் திட்டம் போடுவதே நாள்தோறும் கதையாகிவிட்டால், "இதைப் பார்க்காதே அக்கா, நேரம் வீண்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லவும் தயங்கக் கூடாது. நல்லதைப் பரிந்துரைப்பது போலவே, வேண்டாததை வேண்டாம் என்பதும் நட்புக்கு அடையாளம்.

பிள்ளைகள் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். நம் நாட்டுத் தணிக்கை வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் வயதுக் குறி இடுகிறது. 'யூ' என்ற எழுத்து இருந்தால் எல்லோரும் பார்க்கலாம். 18 என்று இருந்தால் அந்த வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அரங்கில் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். கைத்தொலைபேசிக்கு வாசற்காவலன் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து, கத்தியும் இரத்தமுமாக ஓடும் படத்தை முழுதும் பார்த்து முடித்துவிடுகிறது. திட்டிப் பறிப்பதால் மட்டும் பயனில்லை; மறுநாள் நண்பன் வீட்டில் பார்ப்பான். பறிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு, தம்பி?" என்று கேளுங்கள்.

அவன் வெட்டுகிறவன் பெயரைச் சொன்னால் பதற வேண்டாம். "ஏன் பிடிக்குது?" என்று அடுத்த கேள்வி. "எல்லாரும் அவனுக்குப் பயப்படுறாங்க" என்பான். பள்ளியில் தன்னை யாரோ மிரட்டுகிறார்கள் என்ற செய்தி அந்த ஒரு பதிலில் இருக்கக் கூடும். "அவன் அம்மாவை ஏன் படத்துல காட்டவே இல்ல? அவனுக்குச் சாப்பாடு யார் போடுறா? வெட்டுப்பட்டவனோட பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்கக் கேட்க, படத்தில் விட்டுப்போன இடங்கள் அவனுக்குத் தெரியத் தொடங்கும். கும்பல்கள் நம் இளைஞர்களைத் தேடும் ஊர்களில் வாழ்கிறோம். 'ஜகாட்' படத்துச் சிறுவனிடம் இப்படி உட்கார்ந்து கேட்க ஒருவரும் இல்லை. வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயது பிள்ளை இருந்தால், பெரியவர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து இன்னொரு முறை பார்க்கலாம். தகப்பன் அடிக்கும் காட்சிகளில் நிறுத்திப் பேச வேண்டிவரும். தகப்பன்மார் கொஞ்சம் தயாராக இருக்கட்டும்.

தோட்ட வாழ்வைப் பார்க்க விரும்புவோர்க்கு 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை'யையும் சொல்வோம். ரப்பர்த் தோட்டத்துக் குடும்பமும், மேற்படிப்பு படிக்க ஏங்கும் ஒரு பெண்ணும் அதில் வருகிறார்கள். வேகமான படமல்ல. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போகிறவர் கால்வாசியில் எழுந்துவிடுவார். ஆனால் வீட்டில் பாட்டி இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "எங்க லயத்துல அடுப்பு இந்தப் பக்கம் இருக்காது" என்று திருத்தம் சொல்ல அவரால்தான் முடியும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்று அரங்குக்கு வந்தால், முதல் சில நாள் கூட்டத்தைப் பார்த்தே பெரும்பாலும் அடுத்த வாரமும் ஓட்டுவதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே வியாழனோ வெள்ளியோ பார்த்தவர்கள், ஞாயிறு முடிவதற்குள் தெரிந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எந்த அரங்கு, எத்தனை மணிக் காட்சி, என்ன வயதுக் குறி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும், ஏன் என்பதோடு சொல்லுங்கள். திங்கட்கிழமை சொன்னால் அந்தப் படம் அங்கே இல்லாமலும் போகலாம்.